பாலாற்றுக்கு வாங்கிய படகு

படகுக் கொட்டகையின் சிமெண்டுத் தரையில் மல்லாந்து படுத்திருந்தேன். முகத்துக்கு நேர் மேலே படகு இன்ஜினின் அடிப்பாகம் தொங்கிக்கொண்டிருந்தது. கியர்ப் பெட்டியின் கீழ்த் திருகைத் தளர்த்தி, வீட்டிலிருந்து கொண்டுபோன எவர்சில்வர் டம்ளரை அடியில் பிடித்தேன். முதலில் நாலைந்து சொட்டுத் தண்ணீர் விழுந்தது. பிறகு கெட்டியாக, நிதானமாக, வெள்ளை வெளேரென்று எண்ணெய் இறங்கியது.

பக்கத்தில் என் நண்பர் கரீம் பாய் குந்தி உட்கார்ந்திருந்தார். டம்ளரில் ஒரு விரலை விட்டு எடுத்து, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

“இன்னா அருமையா கலந்துகிது பாரு சாரே. தண்ணி தனியா எண்ண தனியா பிரியவே இல்ல. பால் மாதிரி கீது.”

எனக்கோ அந்தப் பால் நிறம்தான் பயம்.

கியர் எண்ணெய் தேன் நிறத்தில் இருக்க வேண்டும். வெள்ளையாக இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது, தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் சீல் போய்விட்டது என்று பொருள். அதற்குப் பின்னால் பேரிங் துருப்பிடித்திருக்கலாம், பற்சக்கரம் தேய்ந்திருக்கலாம். செலவு எங்கே போய் முடியும் என்று சொல்ல முடியாது.

ஆனால் கரீம் பாயைக் குறை சொல்ல மாட்டேன். ஆம்பூரில் ஒரு தோல் ஆலையில், தோலைப் போட்டு உருட்டும் டிரம் பகுதியில் அவர் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். தோல் மிருதுவாக வருவதற்கு அதில் எண்ணெய் ஏற்றுவார்கள். எண்ணெயும் வெந்நீரும் பால் போலக் கலந்தால்தான் தோலுக்குள் இறங்கும். பிரிந்து நின்றால் தோல் கறை பட்டுப் பாழாகிவிடும். வாழ்நாள் முழுக்க வெள்ளை எண்ணெயைப் பார்த்தால் நிம்மதிப் பெருமூச்சு விட்ட மனிதர். அன்றும் அதையே செய்தார். உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரனும் அந்த டம்ளரைப் பார்த்து அப்படிச் சொல்லியிருக்க மாட்டான்.

விற்கிறவர் பெயர் செல்வம். படுத்திருந்த எனக்கு அவருடைய ரப்பர் செருப்புகள் மட்டுமே தெரிந்தன. இடது செருப்பு கொஞ்சம் பின்னால் நகர்ந்தது. படகின் அந்தப் பக்கம், கவிழ்த்த தகர டின் மேல், மடியில் கைப்பையை அணைத்தபடி, எங்களை அழைத்துவந்த நசீமா உட்கார்ந்திருந்தாள்.

கரீம் பாய் சொன்னதை நான் திருத்தவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்வதற்கு முன், ஆம்பூர்க்காரர்கள் மூன்று பேர் சென்னைக்குத் தெற்கே ஒரு காயலோரக் கொட்டகையில் பழைய படகுக்கு அடியில் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதைச் சொல்ல வேண்டும்.

முதலில் தண்ணீர் வாங்குங்கள்

ரயிலில் போகிறவர்களுக்குப் பாலாறு என்றால் மணல், முள்செடி, நடுவில் கிரிக்கெட் ஆடும் பையன்கள். அந்த ஆற்றுக்கு நாங்கள் படகு வாங்கப் போகிறோம் என்ற செய்தி பரவியதும் ஊரில் எங்களுக்குக் கிடைத்த மரியாதை கொஞ்சமல்ல. டீக்கடையில் ஒருவர், போட்டுக்கு எத்தனை சக்கரம் என்று விசாரித்தார். இன்னொருவர், ஒட்டகம் வாங்கினால் செலவு கம்மி என்றார். என் மனைவி எப்போதும் சுருக்கமாகப் பேசுகிறவள். “படகு வாங்கறது இருக்கட்டும். மொதல்ல தண்ணி வாங்குங்க,” என்றாள்.

அவளே அந்த வெள்ளத்தைப் பார்த்தவள்தான். சில வருடங்களுக்கு முன் ஆறு கரை கொள்ளாமல் வந்தது. ஆலைச் சுவருக்குப் பின்னால் பள்ளத்தில் ஒரு தெரு. தோல் ஆலையிலும் ஷூ கம்பெனியிலும் வேலை செய்கிறவர்கள் குடியிருக்கும் தெரு. அங்கே மார்பளவு தண்ணீர் நின்றது. மீட்புப் படகு கடற்கரையிலிருந்து லாரியில் வர வேண்டியிருந்தது. அது வந்து சேர்ந்தபோது தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிவிட்டது. படகுக்காரர்கள் பாவம், டீ குடித்துவிட்டுத் திரும்பினார்கள்.

அந்தத் தண்ணீரில்தான் நசீமாவின் தங்கைக்கு இடுப்புவலி கண்டது. தோலை விரித்து ஆணியடித்து உலர்த்தும் பெரிய பலகை ஒன்றை ஆலையிலிருந்து கொண்டுவந்து, ஆணிகளைப் பிடுங்கிவிட்டு, அதில் அவளைப் படுக்க வைத்து நான்கு பேர் தலைக்கு மேல் தூக்கிப் போனார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். பலகையைப் பிடித்தபடி கூடவே நடந்த நசீமாவுக்கு வழியில் ஒரு இடத்தில் கால் தரையில் படவில்லையாம். தெருவுக்கென்றே ஒரு படகு வேண்டும் என்று அந்த இடத்தைத் தாண்டியபோதே தீர்மானித்துவிட்டதாகப் பின்னால் என்னிடம் சொன்னாள்.

நசீமா ஷூ கம்பெனியின் தையல் கூடத்தில் சூப்பர்வைசர். நாற்பதைத் தாண்டியவள். சாப்பாட்டு வேளையில் ஒவ்வொரு மேஜையாகப் போய் ஒவ்வொரு பெண்ணிடமும் ஒரு நாள் கூலி கேட்டாள். ஜாஸ்தி கொடுக்க வந்தவர்களிடம் வாங்கவில்லை. எல்லோரும் ஒரே அளவு கொடுத்தால்தான் நாளைக்கு யாரும் யாரையும் அதட்ட மாட்டார்கள் என்பது அவள் கணக்கு. நாலு லட்சத்து இருபதாயிரம் சேர்ந்தது.

பணம் சேர்ந்தால் யோசனையும் சேரும். தெருக் கமிட்டி ஆண்கள் விழித்துக்கொண்டார்கள். தெரு முகப்பில் ஒரு வளைவு கட்டலாம் என்றார் தலைவர். தூண்களில் நிர்வாகிகள் பெயர் பொறிக்கலாம். கடைசியில் கூட்டம் போட்டு ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஐப்பசி மழைக்குள் ஓடுகிற படகு தெருவுக்கு வந்துவிட வேண்டும். வராவிட்டால் பணத்தை என்ன செய்வது என்று கமிட்டி தீர்மானிக்கும். நசீமா எல்லோர் முன்னாலும் சரி என்றுவிட்டாள்.

வெறுங்கையோடு திரும்பினால் வளைவு எழும்பும். ஓட்டைப் படகோடு திரும்பினால் அதைவிட மோசம். அந்தத் தையல் கூடத்தில் இனி எந்தப் பெண்ணும் எதற்காகவும் மற்றவளை நம்பிக் காசு கொடுக்க மாட்டாள்.

அந்த நிலையில்தான் என் வீட்டுக்கு வந்தாள். எனக்குத் தெரிந்தது பாய்லரும் ஜெனரேட்டரும், படகு தெரியாது என்றேன்.

“ஜெனரேட்டரும் இன்ஜின்தான சார்?”

“அது டீசலும்மா. இது பெட்ரோல்.”

“சரி சார். பெட்ரோலயும் ஒரு தடவ பாத்துருங்க.”

எனக்கு உப்பைத் தெரியும்

பாய்லர் பற்றி இந்தத் தொடரில் எழுதியதைப் படித்துவிட்டு, இரும்பு அதிகமாகவும் மனிதர்கள் குறைவாகவும் இருக்கிறார்கள் என்று வாணியம்பாடி வாசகர் ஒருவர் குறைப்பட்டிருக்கிறார். ஒப்புக்கொள்கிறேன். இந்த வாரமும் கொஞ்சம் இரும்பு உண்டு. பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முப்பத்தாறு வருடம் தோல் ஆலையின் பராமரிப்புப் பிரிவில் இருந்தேன். டிப்ளமா படித்துவிட்டுச் சேர்ந்தபோது இயந்திரங்களுக்கு எதிரி தேய்மானம் என்று நினைத்திருந்தேன். முதல் வருடத்திலேயே புத்தி வந்தது. எங்கள் ஊரில் இயந்திரத்துக்கு எதிரி உப்பு. பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்புப் போட்டுத்தான் லாரியில் வரும். அந்த உப்பு தரையில் உதிரும், தண்ணீரில் கரையும், காற்றில் ஏறும். போல்ட்டைத் தின்னும், குழாயைத் தின்னும், கூரைத் தகட்டைத் தின்னும்.

அதில் ஒரு விசித்திரம் உண்டு. ஓடுகிற பம்பை உப்பு அவ்வளவாக நெருங்காது. நிற்கிற பம்பைத் தின்றுவிடும். பண்டிகைக்கு ஆலையை மூடிவிட்டுத் திறந்தால், உப்புத் தண்ணீர் தள்ளும் பம்புகளில் பாதி சுற்றாது. மூடுவதற்கு முன் ஒவ்வொரு பம்பிலும் நல்ல தண்ணீர் ஓட்டிக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். எங்கள் வீட்டில் பொங்கல் பானை எனக்காகக் காத்திருந்த வருடங்கள் உண்டு. மனைவி அதை இன்னும் மறக்கவில்லை.

ஆகவே செல்வம் போனில், இன்ஜின் ஐந்து வருடத்தில் இருநூற்றுச் சொச்சம் மணி நேரம்தான் ஓடியிருக்கிறது என்று பெருமையாகச் சொன்னதாக நசீமா சொன்னபோது, அவள் முகம் மலர்ந்தது, என் முகம் சுருங்கியது. ஐந்து வருடத்தில் இருநூறு மணி என்றால் மீதி நேரமெல்லாம் அது எங்கே நின்றது? எதில் நின்றது?

கரீம் பாயையும் அழைத்துப் போகலாம் என்று நான்தான் சொன்னேன். டிரம் பகுதிக்குப் போவதற்கு முன் இளம் வயதில் அவர் பச்சைத் தோல் மண்டியில் இருந்தவர். பேரம் பேச அவரைப்போல் ஆள் கிடையாது என்று நம்பினேன். அது எப்படிப் போயிற்று என்று பிறகு சொல்கிறேன்.

ஒன்றன் மேல் ஒன்றாக நாலு

செல்வம் ஐம்பது வயதுக்காரர். காயலில் சுற்றுலாக்காரர்களுக்குப் படகு ஓட்டிப் பிழைத்தவர். கூட்டாளி பிரிந்துபோனதில் தொழில் நின்றுவிட்டது. பதினெட்டு அடி ஃபைபர் படகு, அதன் பின்பலகையில் மாட்டிய அறுபது குதிரைச் சக்தி இன்ஜின், இழுத்துப்போகச் சக்கர வண்டி. மூன்றும் சேர்த்து நாலரை லட்சம் கேட்டார்.

இன்ஜின் கறுப்பாக மின்னியது. புது பெயிண்ட். கரீம் பாய் அதைச் சுற்றி வந்து என் காதருகே குனிந்தார். தோலில் பூச்சு ஜாஸ்தியாக இருந்தால் அடியில் குறை இருக்கிறது என்று அர்த்தம், இங்கேயும் அப்படித்தானே என்றார். அப்படித்தான் என்றேன். அந்த அளவுக்கு அவர் கண் சரியாகவே இருந்தது.

முதலில் படகை விரல் மூட்டால் முழுக்கத் தட்டிக் கேட்டேன். எங்கும் பொத்தல் சத்தம் இல்லை. இன்ஜினைத் தாங்கும் பின்பலகைதான் முக்கியம், அது ஊறிப்போனால் படகே வீண். திருப்புளியின் பிடியால் தட்டினேன். கல் போல் பதில் சொன்னது. படகு முதல் தரம். அதில் சந்தேகமில்லை.

பிறகு இன்ஜின். இந்த வகையில் நான்கு சிலிண்டரும் பக்கவாட்டில் இருக்காது, தோல் கட்டுப்போல ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். செல்வம் மேல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, பாருங்கள் என்றார். நான்கையும் கழற்றச் சொன்னேன். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பார்க்கும் கருவியை நான் கொண்டுபோயிருந்தேன். மேலிருந்து மூன்றும் நூற்றெண்பதை ஒட்டி நின்றன. அடி சிலிண்டர் நூற்று நாற்பதுக்கு மேல் ஏறவில்லை.

கம்ப்ரஷன் குறைந்தால் இரண்டில் ஒன்று. பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கலாம், அல்லது வால்வு சரியாக மூடாமலிருக்கலாம். வளையம் என்றால் முழு இன்ஜினையும் பிரிக்க வேண்டும். வால்வு என்றால் மேல் மூடியைக் கழற்றித் தேய்த்து உட்கார வைத்தால் போதும். செலவில் ஒன்றுக்கு மூன்று வித்தியாசம். இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. சிலிண்டருக்குள் ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றி மறுபடி பார்க்க வேண்டும். எண்ணெய் வளையத்தின் இடுக்கை அடைத்துக்கொள்ளும். அளவு ஏறினால் வளையம் குற்றவாளி. ஏறாவிட்டால் வால்வு.

ஊற்றினேன். ஏறவில்லை. மனதுக்குள் பிள்ளையாருக்கு நன்றி சொன்னேன்.

அடுத்து, குளிர்விக்கும் தண்ணீர் ஓடும் வழியைத் திறந்தேன். உட்சுவரில் வெள்ளையாகப் படிந்திருந்தது. நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தேன். செல்வம் என்னை விநோதமாகப் பார்த்தார். கரீம் பாய் சர்வ சாதாரணமாக, “இன்னா, உப்பா?” என்றார். உப்புதான். ஆனால் மேலோடு படிந்த உப்பு. அடியில் அலுமினியம் கெட்டியாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் கியர்ப் பெட்டிக்கு அடியில் போய்ப் படுத்தேன். வெள்ளை எண்ணெய் இறங்கியது. கரீம் பாய் பாராட்டினார்.

ஓட்டையைக் காட்டியவர்

தோல் மண்டியில் ஒரு வழக்கம் உண்டு. வாங்குகிறவன் கட்டைப் பிரித்து ஓட்டையைக் கண்டுபிடித்தால், பேரம் தொடங்கும். விற்கிறவன் தானே தோலை விரித்து, இங்கே ஓட்டை, இங்கே கத்திக் கீறல் என்று காட்டிவிட்டால், அதன் பிறகு அவன் சொல்லும் விலையில் பேசக் கூடாது. பேசினால் மண்டியில் மதிக்க மாட்டார்கள். அதனால் அனுபவசாலிகள் ஓட்டையைக் கண்ட பிறகும் கொஞ்ச நேரம் சும்மா நிற்பார்கள்.

நான் சும்மா இருந்தது பெருந்தன்மையால் அல்ல. எந்த இன்ஜினையும் முழுதாகப் பிரித்துப் பார்த்து வாங்க முடியாது. பிரிக்காத பாகத்துக்கு விற்கிறவன் வாய்தான் சாட்சி. அந்த வாய் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். எங்களில் பெரியவராகத் தெரிகிற ஒருவர், கெட்டதைப் பார்த்து நல்லது என்று சொல்லிவிட்டார். செல்வம் தலையை ஆட்டிவிட்டுப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம்.

டம்ளர் முக்கால் அளவு நிரம்பியது. ரப்பர் செருப்புகள் நகர்ந்து முன்னால் வந்தன. செல்வம் கரீம் பாயின் எதிரே உட்கார்ந்தார்.

“பாய், தப்பா எடுத்துக்காதீங்க. அது நல்லதில்ல. உள்ள தண்ணி போயிருக்கு. சீல் போயி ஒரு வருஷம் இருக்கும். பெயிண்ட் அடிக்கறப்ப எண்ணெயையும் மாத்திரலாம்னு பாத்தேன். மனசு வரல. மாத்தியிருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது.”

நான் இன்ஜினுக்கு அடியிலிருந்து வெளியே வந்தேன். முதுகில் ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டாமல் வரிசையாகக் கேட்டேன். எப்போதாவது சூடேறி நின்றதா? இல்லை. தண்ணீரில் மூழ்கியதா? இல்லை. கடைசியாக நல்ல தண்ணீரில் கழுவியது எப்போது? கூட்டாளி போன பிறகு கழுவவே இல்லை என்றார். கேட்டதற்கு எல்லாம் கண்ணைப் பார்த்துப் பதில் சொன்னார். நான் கண்டுபிடித்ததோடு எதுவும் முரண்படவில்லை.

கரீம் பாய் விரலை லுங்கியில் துடைத்துக்கொண்டு எழுந்தார். தன் வாய் சறுக்கியது அவருக்குப் புரிந்துவிட்டது. அதைவிட இன்னொன்று அவரைப் பிடித்துக்கொண்டது.

“ஓட்டய அவரே காட்டிட்டாரு. முட்ஞ்சி போச்சு. இனிமே பேரம் பேசறது நமக்கு அழகில்ல.”

“உமக்கு அழகு பாய். கையில நாலு இருபதுதான் கீது. ரிப்பேருக்கு உங்க மாமனாரா குடுப்பாரு?” என்றேன் நான்.

“மாமனார் மவுத்தாயி பத்து வருசம் ஆவுது,” என்றார் பாய், அமைதியாக. பேரம் பேசக் கூட்டிவந்த ஆள் இப்படி ஆகிவிட்டாரே என்று எனக்கு ரத்த அழுத்தம் ஏறியது.

அப்போதுதான் நசீமா தகர டின்னிலிருந்து எழுந்தாள்.

“அண்ணா, பேரம் பேசல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இந்த சீலு, வால்வு எல்லாத்தயும் மொத நாள் போன்லயே சொல்லியிருந்தீங்கன்னா, அன்னிக்கி இன்னா வெல சொல்லியிருப்பீங்க?”

செல்வம் அவளைப் பார்த்தார். படகைப் பார்த்தார். மூக்கைத் தேய்த்துக்கொண்டார்.

“மூணே கால்.”

மண்டி வழக்கமும் முறியவில்லை. ஒண்ணே கால் லட்சமும் இறங்கிவிட்டது. கரீம் பாய் வாயைத் திறந்தவர் மூட மறந்துவிட்டார். எத்தனையோ தரகர்களை, ஏற்றுமதி முதலாளிகளை, விலை பேசியே சொத்துச் சேர்த்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கொட்டகையில் அவள் கேட்ட கேள்வியைப்போல் ஒன்றை யார் வாயிலும் கேட்டதில்லை.

உடனே பையைத் திறந்துவிட்டாள் என்று நினைக்க வேண்டாம். என் பக்கம் திரும்பினாள்.

“சார், மிச்சம் தொண்ணூத்தஞ்சு. அதுக்குள்ள முடிக்க முடியுமா?”

விரல் விட்டு எண்ணினேன். சீல், பேரிங், கூலி முப்பத்தைந்து. வால்வு, கேஸ்கெட், தண்ணீர் பம்பு நாற்பது. துருப்பிடித்த போல்ட் உடைந்தால் அதை எடுக்கும் செலவு, லாரி வாடகை, ஒரு பத்து. ஆக எண்பத்தைந்து. ஆனால் பற்சக்கரமும் போயிருந்தால் இன்னொரு நாற்பது. அப்படியானால் முடியாது. ஒரு வருடமாகத் தண்ணீரில் ஊறியது, எப்படிச் சொல்வது, பாதிக்குப் பாதி...

“சார், ஒரே வார்த்த. வாங்கலாமா, வேணாமா?”

மறுபடி குனிந்தேன். நீளமான திருப்புளியின் நுனியைக் கியர்ப் பெட்டியில் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு, படகைத் தள்ளும் விசிறியை மெல்லச் சுற்றக் கரீம் பாயிடம் சொன்னேன். ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். பேரிங் லேசாக முணுமுணுத்தது. பற்கள் சத்தம் போடவில்லை. இன்னொரு முறை சுற்றச் சொன்னேன். அதே முணுமுணுப்பு, அவ்வளவுதான்.

“வாங்கலாம்,” என்றேன்.

‘ஆனால்’ சேர்க்காமல் நான் சொன்ன பதில்கள் என் வாழ்வில் சொற்பம். என் மனைவியைப் பெண் பார்த்துவிட்டு வந்தபோது ஒன்று. இது இன்னொன்று.

திறந்தபோது

படகு ஆம்பூர் வந்ததும், ஆலை முதலாளி பழைய பராமரிப்புக் கொட்டகையைத் திறந்துவிட்டார். ஆம்பூரைப் பற்றி நான் எங்கேயும் தலை நிமிர்ந்து சொல்வேன். ஷூ மெஷினானாலும் சரி, டிரம்மின் கியர் ஆனாலும் சரி, வெளிநாட்டு உதிரிக்குக் காத்திருக்காமல் லேத்தில் கடைந்து ஓட்டிவிடுகிற ஆட்கள் இங்கே சந்துக்குச் சந்து உண்டு. அவர்களில் இருவர் கூலி வாங்க மறுத்தார்கள். நசீமா பிடிவாதமாகக் கொடுத்தாள். ஓசி வேலைக்குப் பொறுப்பு கம்மி என்பது அவள் கட்சி.

மேல் மூடியின் போல்ட்டுகளில் இரண்டு உடைந்தன. பத்தாயிரம் ஒதுக்கியிருந்தேன் அல்லவா, அதில் போயிற்று. அடி சிலிண்டரில் வால்வு உட்காரும் இடத்தில் மிளகளவு துருப் புள்ளிகள். தேய்த்ததும் மறைந்தன.

கியர்ப் பெட்டியைத் திறக்கும் நாள் வந்தது. வேலை முடிந்து யூனிஃபார்மோடு நசீமாவும் தையல் கூடத்துப் பெண்கள் சிலரும் வந்து வாசலில் நின்றார்கள். கமிட்டித் தலைவரும் வந்து நின்றார், வளைவின் நினைப்போடு. பெட்டி பிரிந்தது. கழுவி, துணியால் துடைத்து, பற்சக்கரத்தை வெளிச்சத்தில் பிடித்தேன். ஒவ்வொரு பல்லாகப் பார்த்தேன். முழுசு. பேரிங் ஒன்று மட்டும் குழி விழுந்திருந்தது.

“இன்னா சார், தேறுமா?” என்றார் தலைவர்.

“உங்க பல்லவிட நல்லா கீது,” என்றார் கரீம் பாய். பெண்கள் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். வளைவுப் பேச்சு அன்றோடு நின்றது.

மொத்தச் செலவு நான் சொன்னதைவிட மூவாயிரம் கூடியது. கையிலிருந்ததற்கு உள்ளேதான். இதைச் சபையில் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

படகு ஓட்டக் கற்றுக்கொடுக்கச் செல்வமே வந்தார். ஏரித் தண்ணீரில் இரண்டு நாள். கரீம் பாய் வீட்டில் சாப்பாடு. வந்த முதல் வேளையே பாய் அவரிடம், வெள்ளை எண்ணெய் நாற்பது வருடமாக நல்ல சகுனம், உங்கள் ஊருக்கு வந்துதான் கெட்டுப்போயிற்று என்று நியாயம் கேட்டாராம். செல்வம் இன்னொரு கரண்டி பிரியாணி போட்டுக்கொண்டு, ஊர் மேல் தப்புதான் என்று ஒத்துக்கொண்டாராம்.

ஐப்பசி

அந்த மழை பழைய வெள்ளம் அளவுக்கு இல்லை. ஆனால் ஒரு காலையில் பள்ளத் தெருவுக்குள் ஆறு வந்துவிட்டது. நான் குடையோடு போய்ச் சேர்ந்தபோது, படகு இரண்டாவது நடை போய்க்கொண்டிருந்தது. நசீமா ஓட்டினாள். தையல் கூடத்துப் பெண்கள் இருவர் கயிறோடு முன்னால் இருந்தார்கள்.

மேட்டில் நின்று இன்ஜின் சத்தத்தைக் கேட்டேன். நான்கும் ஒரே சீராக அடித்தன. ஆளேறி எடை கூடியதும் குரல் கொஞ்சம் கனத்தது, தடுமாறவில்லை. மழைச் சத்தத்தையும் மீறி அந்த அடி சிலிண்டரை நான் தனியாகக் கேட்டேன் என்று சொன்னால் நீங்கள் நம்பப் போவதில்லை. கேட்டேன்.

கிழவர் ஒருவர் தன் இரண்டு ஆடுகளை விட்டு வர மாட்டேன் என்று மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டார். “ஏறு தாத்தா, அதுங்களே உன்னவிட சொன்ன பேச்சு கேக்குதுங்க,” என்று நசீமா ஆடுகளை முதலில் ஏற்றிவிட்டாள். அவர் பின்னாலேயே வந்துவிட்டார். அடுத்த நடையில் ஒரு கைக்குழந்தை, அதன் தாய், ஒரு தையல் மெஷின். கமிட்டித் தலைவர் முழங்கால் தண்ணீரில் நின்று, வருகிறவர்களைக் கைபிடித்து இறக்கினார். நன்றாகத்தான் செய்தார். சொல்ல வேண்டும்.

மழைக்கோட்டுப் போட்ட இளம் அதிகாரி ஒருவர் வந்தார். வரவேண்டிய படகு இன்னும் வழியில் இருக்கிறது என்று போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தவர், எங்கள் படகைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். யாருடைய போட், எந்தத் துறை என்று எங்கள் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

நான் தொண்டையைச் செருமினேன். எவ்வளவு சொல்ல இருந்தது. நூற்று நாற்பதில் நின்ற கம்ப்ரஷன், ஒரு கரண்டி எண்ணெய், மூணே கால்.

எனக்கு முன்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். இருபது வயது இருக்கலாம். விரல்களில் ஷூ கம்பெனிப் பசை காய்ந்து ஒட்டியிருந்தது. நசீமாவின் வரிசையில் உட்கார்ந்து தைக்கிறவளாக இருக்கும். படகிலிருந்து கண்ணை எடுக்காமல் அவள் பதில் சொன்னாள்.

“எங்களுது சார்.”